வாசிக்காமல் போன கைகள்

நிக்கோலாய் மெட்னர் தன்னுடைய மூன்றாவது பியானோ கான்செர்ட்டோவைத் தானே வாசித்த ஒலிப்பதிவை நிம்மதியாகக் கேட்டு முடிக்க எனக்கு இன்றுவரை வாய்க்கவில்லை. 1947இல் லண்டன் அபே ரோடு ஸ்டுடியோவில் பதிவானது. இசாய் டோப்ரோவென் நடத்தும் ஃபில்ஹார்மோனியா ஆர்கெஸ்ட்ரா. பியானோவில் 67 வயது மனிதர், மாஸ்கோவில் பிறந்தவர், ஐந்து ஆண்டுகளுக்கு முன் மாரடைப்பில் விழுந்து எழுந்தவர். 78 சுற்றுத் தட்டுகளுக்கே உரிய இரைச்சல் ஒரு பொருட்டல்ல, சில நிமிடங்களில் காது அதை ஒதுக்கிவிடும். ஒதுக்க முடியாதது வேறு. இந்தக் கான்செர்ட்டோ மைசூர் மகாராஜா ஜெயசாமராஜேந்திர உடையாருக்குச் சமர்ப்பிக்கப்பட்டது. பதிவுக்கான செலவும் அவருடையதுதான். இது ஒன்று மட்டுமல்ல. மூன்று கான்செர்ட்டோக்கள், ருஷ்ய, ஜெர்மன் கவிதைகளுக்கு மெட்னர் அமைத்த பாடல்கள், வயலின் சொனாட்டா, பியானோ குவிண்டெட், அவர் கதைகள் என்று பெயர் வைத்த சின்னச் சின்னப் பியானோத் துண்டுகள் என்று கடைசி ஆண்டுகளில் அவர் பதிவு செய்ததில் பெரும்பங்கு மைசூர்ப் பணத்தில் நடந்தது. அதற்காகவே மெட்னர் சொசைட்டி என்று ஒன்றை ஏற்படுத்தி, ஹெச்.எம்.வி. கம்பெனி ஆல்பம் ஆல்பமாக வெளியிட்டது. இசை வரலாறு இதை ஒரு ருசிகரமான தகவலாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். எங்கோ ஒரு ராஜா, அவருக்கு ஒரு விநோத ஆசை, கையில் ஏராளமான பணம். எனக்கு மட்டும் அந்த இடத்திலேயே ஊசி மாட்டிக்கொள்கிறது.

உடையார் பியானிஸ்ட் ஆக விரும்பியவர். பொழுதுபோக்காக அல்ல, மேடையேறி வாசிக்கிற பியானிஸ்டாக. அரண்மனையில் சிறுவயதிலேயே பியானோ பயின்றவர். 1939இல் ஐரோப்பா போனபோது சுவிட்சர்லாந்தில் ரக்மானினோவைச் சந்தித்திருக்கிறார். அடுத்த ஆண்டு, 1940 மார்ச்சில் தந்தை இறந்தார். ஆகஸ்டில் பெரியப்பா நான்காம் கிருஷ்ணராஜ உடையாரும் போய்ச் சேர்ந்தார். செப்டம்பரில் 21 வயது இளைஞன் சிங்காதனத்தில் உட்கார வேண்டியதாயிற்று. விரும்பியது கைநழுவிப்போக, விரும்பாதது பொன்முலாம் பூசி வந்து சேர்ந்தது. அதற்குப் பிறகும் அவர் விடவில்லை. 1945இல் லண்டன் கில்டுஹால் இசைப்பள்ளியின் லைசென்ஷியேட் பட்டம் பெற்றார். ஒரு சமஸ்தானத்தின் அதிபதிக்கு அந்தச் சான்றிதழால் என்ன ஆகப்போகிறது என்று யோசித்திருக்கிறேன். எதுவும் ஆகாது. எதற்கும் ஆகாத ஒன்றை ஒருவர் உழைத்துப் பெறுகிறார் என்றால் அங்கே ஏதோ ஆறாமல் கிடக்கிறது என்றுதான் அர்த்தம். அப்படியானால் மெட்னரின் இசைத்தட்டுகளுக்கு அவர் கொடுத்த பணம் ரசிகரின் காணிக்கையா, அல்லது தன் கைகள் வாசிக்காமல் போனதற்கு அவர் தேடிக்கொண்ட ஈடா? இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியும் என்று நான் நம்பவில்லை. ஆனால் இரண்டாவது சந்தேகம் வந்துவிட்ட பிறகு, தட்டில் ஒலிக்கும் ஒவ்வொரு கடினமான பகுதியிலும், அதைத் தாமே வாசித்திருக்கக்கூடிய இன்னொரு ஜோடிக் கை என் கண்ணில் படுகிறது.

ஏன் மெட்னர் என்பது அடுத்த தொந்தரவு. ருஷ்யப் பியானோ இசையின் மேல் ஆசைப்படுகிறவர்களை முதலில் பிடித்து இழுப்பவர் ரக்மானினோவ், இல்லையென்றால் ஸ்க்ரியாபின். ரக்மானினோவ் மெட்டைத் தட்டில் வைத்து நீட்டுவார். வெட்கமில்லாமல் எடுத்துக்கொள்ளலாம், நானும் எடுத்துக்கொண்டவன்தான். மெட்னர் நீட்டமாட்டார். இருவரும் நெருங்கிய நண்பர்கள். ரக்மானினோவ் தன் நான்காவது கான்செர்ட்டோவை மெட்னருக்கும், மெட்னர் தன் இரண்டாவதை ரக்மானினோவுக்கும் சமர்ப்பித்தார்கள். மெட்னருக்கு அமெரிக்கக் கச்சேரிகள் கிடைக்கவும் நவீன இசையைத் திட்டி அவர் எழுதிய புத்தகம் 1935இல் பாரிஸில் அச்சேறவும் துணை நின்றவர் ரக்மானினோவ். ஆனால் பழக வேண்டிய விதம் முற்றிலும் வேறு. மெட்னரின் சொனாட்டாவில் முதல் பக்கத்தில் வருவது பெரும்பாலும் ஒரு சாதாரணத் துணுக்கு. இடது கை அதையே வேறு காலத்தில் சொல்லும். நடுவில் மூன்றாவது குரல் ஒன்று நுழையும், அது முதல் துணுக்கின் வால் என்று நான்கு நாள் வாசித்த பிறகுதான் விரலுக்குத் தெரியும், காதுக்கு இன்னும் தாமதமாக. கேட்கிறவருக்கு முதல் முறை அடர்த்தியாகவும் கொஞ்சம் வறட்சியாகவும் படும். வாசிக்கிறவருக்குத்தான் உள்ளே எவ்வளவு ஈரம் என்பது புலப்படும். மெட்னர் பியானிஸ்டுகளின் பியானிஸ்ட். விரலால் நுழைந்தவர்களிடமே அவர் முழுதாகப் பேசுகிறார். இதனாலேயே உடையாரின் தேர்வு எனக்கு முக்கியமாகப் படுகிறது. வெறும் பணக்கார ரசிகர் மெட்னரிடம் வந்து சேர்ந்திருக்கமாட்டார். வாசிக்கிற கை இருந்தவர்தான் வந்திருக்க முடியும்.

நான் மேடைக்குப் போகிற அளவுக்கு வாசிப்பவன் அல்லன். ‘சொனாட்டா ரெமினிசென்ஸா’ என்று மெட்னருடையது ஒன்று இருக்கிறது, ஏ மைனரில், ஒரே இயக்கமாக, கால் மணி நேரத்துக்குச் சற்றே குறைவு. அதன் தொடக்கம் என்னைப் போன்றவருக்கும் கைகூடும். அலையலையாகச் சுழலும் எளிய வரி, பெரிதாக எதுவும் நடப்பதில்லை. ஆனால் அங்கேயே பியானோவின் ஆதாரச் சிக்கல் வந்து உட்கார்ந்துவிடும். சுத்தியல் தந்தியை அடித்த மறுகணமே ஒலி சாகத் தொடங்குகிறது. வீணையில் தந்தியை இழுத்து ஸ்வரத்தை வளைக்கலாம், அடுத்த ஸ்வரத்துக்கு அதையே நடத்திக் கொண்டுபோகலாம். பியானோவில் அடித்தது அடித்ததுதான், அதன்பின் அதன்மேல் நமக்கு அதிகாரம் இல்லை. ருஷ்யப் பள்ளி என்று சொல்லப்படுவதன் ஆசையெல்லாம் இந்த இடத்தைச் சுற்றித்தான் என்று எனக்குப் படுகிறது. சாகிற ஒலியைப் பாட வைப்பது. விரலைத் தூக்கி அடிக்காமல் தோளிலிருந்து கையின் எடையை இறக்குவது, முந்தைய ஸ்வரம் எவ்வளவு மங்கிவிட்டது என்று கேட்டு அந்த மங்கலுக்குத் தக்கபடி அடுத்ததைத் தொடுவது, மிதிகட்டையைக் காதால் அழுத்துவது. எல்லாம் பாவனைதான். உண்மையில் எந்த ஸ்வரமும் இன்னொன்றோடு சேர்வதில்லை. கேட்பவரின் மனம் சேர்த்துக்கொள்கிறது. என் ஆசிரியர் இந்த முதல் வரியை வாசிக்கச் சொல்லிவிட்டுப் பின்னால் நின்று, “ஸ்வரத்தைக் கேக்காதப்பா, போற ஸ்வரத்தைக் கேளு” என்பார். பல வருஷமாக அதைத்தான் கேட்க முயல்கிறேன்.

இந்த இடத்தில் ஒரு பாலம் கட்டிவிட ஆசை வரும். கர்நாடக இசையில் ஊறிய காது, கமகம் கேட்டுப் பழகிய காது, பியானோவில் பாட்டைத் தேடிய ருஷ்யர்களிடம் போய்ச் சேர்ந்தது இயல்பே என்று எழுதலாம். அழகாக இருக்கும், கைதட்டலும் கிடைக்கும். எனக்கு நம்பிக்கையில்லை. அரண்மனையில் கர்நாடக இசைக்குப் பஞ்சமே இல்லை. ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர், மைசூர் வாசுதேவாச்சாரியார் போன்றவர்கள் ஆஸ்தான வித்வான்களாக இருந்த வீடு அது. ஆனால் உடையார் கர்நாடக இசையில் ஆழமாக இறங்கிக் கிருதிகள் புனையத் தொடங்கியது அரியணை ஏறிய பிறகு. ஸ்ரீவித்யா முத்திரையோடு 94 கிருதிகள். சபாக்களில் இன்றும் கம்பீரநாட்டையில் ‘ஸ்ரீ ஜாலந்தர’ பாடுகிறார்கள். பாடுகிறவர்களில் எத்தனை பேருக்கு இந்த வாக்கேயக்காரர் மெட்னருக்குப் படியளந்தவர் என்று தெரியும் என்பது வேறு விஷயம். வரிசை முக்கியம். அவருடைய இளமையின் தாகம் பியானோ. பட்டத்தோடும் பூஜையோடும் பொறுப்போடும் வந்தது கிருதி. பிறந்த மண்ணின் இசைதான் உள்ளே இருப்பது, தூரத்து இசை மேலே பூசியது என்று நாம் வழக்கமாக வைத்திருக்கும் அடுக்கு அவரிடம் தலைகீழாக இருக்கிறது. அந்நியமானது முதலில் வந்து நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது. உரியது பின்னால் வந்து, தனக்கான இடத்தைப் படித்துப் பெற்றது. இதைச் சொன்னால் சிலருக்குக் கசக்கும். எனக்கும் ஒரு காலத்தில் கசந்தது, ஏனென்றால் என் கதையும் ஏறக்குறைய அந்த வரிசைதான். தோடியை நான் முயன்று கற்றுக்கொண்டேன். ரக்மானினோவ் கேட்காமலேயே வந்தார்.

மெட்னரிடம் போனாலும் உரிமைப் பத்திரம் தெளிவாக இல்லை. அவர் குடும்பத்தின் வேர் ஜெர்மானிய வேர். வீட்டில் கெதேயும் பீத்தோவனும் ஆண்டார்கள். 1900இல் மாஸ்கோ கன்சர்வேட்டரியில் தங்கப் பதக்கம் வாங்கியவர், பீத்தோவனின் நான்காவது கான்செர்ட்டோவுக்கான ஒத்திகையில் நடத்துநர் மெங்கல்பெர்க் வேகத்தில் தன் இஷ்டத்தைத் திணித்தார் என்று 1910இல் பியானோவை விட்டு எழுந்து போனார். இவருக்கு ‘ருஷ்ய பிராம்ஸ்’ என்ற பட்டம் ஒட்டிக்கொண்டது, அது புகழா வசையா என்பது சொல்கிறவரைப் பொறுத்தது. 1921இல் நாட்டை விட்டுப் போனார். பெர்லின், பாரிஸுக்குப் பக்கத்து ஊர்கள், கடைசியில் வடக்கு லண்டனின் கோல்டர்ஸ் கிரீன். இரண்டாம் உலகப்போர் வந்ததும் லைப்சிக் பதிப்பாளரிடமிருந்து வந்துகொண்டிருந்த காசு நின்றது. குண்டுவீச்சு நாட்களில் எட்னா ஐல்ஸ் என்ற ஆங்கிலப் பியானிஸ்ட் அவரையும் மனைவி ஆன்னாவையும் வார்விக்‌ஷரில் தன் குடும்பத்தோடு வைத்துக் காப்பாற்றினார். மூன்றாவது கான்செர்ட்டோ முடிந்தது அங்கேதான், மாரடைப்புக்குப் பிந்தைய ஓய்வில். அதன் முதல் பகுதிக்கு லெர்மன்தவின் நீர்க்கன்னிக் கவிதை ஆதாரம். ஆற்றின் அடியில் ஒரு போர்வீரன் கிடக்கிறான், வேற்று நாட்டுக்காரன். நீர்க்கன்னி எவ்வளவு கொஞ்சினாலும் பேசமாட்டேன் என்கிறான். மெட்னர் கவிதையோடு நிற்காமல், பின்வரும் பகுதிகளில் அவனை எழுப்பிவிடுகிறார். கோல்டர்ஸ் கிரீன்காரர் தன்னையே அங்கே கிடத்தியிருக்கிறார் என்று சொல்வது எளிது. நான் சொல்லத் தயங்குகிறேன், காரணம் ரெமினிசென்ஸா. அதை எல்லாரும் தாய்நாட்டைப் பிரிந்தவரின் ஏக்கமாகக் கேட்கிறார்கள், நானும் அப்படிக் கேட்டவனே. ஆனால் அது 1918க்கும் 1920க்கும் நடுவில், புரட்சியின் பசியில், மாஸ்கோவுக்கு வெளியே ஒரு சிநேகிதியின் கிராமத்து வீட்டில் இருந்தபோது உருவானது. அவர் இன்னும் எங்கும் போகவே இல்லை. பிரிவதற்கு முன்பே நினைவு வந்துவிட்டது. அந்த ஏக்கத்துக்கு ருஷ்யா என்று முகவரி எழுதியது பின்னால் வந்த நாம்.

இனி அந்தப் பணம். வால்டர் லெக் என்ற ஹெச்.எம்.வி. தயாரிப்பாளர் மைசூருக்கு வந்து உடையாரைச் சந்தித்ததை எழுதியிருக்கிறார். பெரிய இசைத்தட்டு நூலகம், பல கிராண்ட் பியானோக்கள், முப்பது வயதுகூட ஆகாத அரசர். மெட்னருக்குச் செலவிட்டதோடு, லெக் புதிதாகக் கட்டிய ஃபில்ஹார்மோனியாவை நிலைநிறுத்த ஆண்டுக்கு 10,000 பவுண்டு வீதம் மூன்று ஆண்டுகளுக்குத் தருவதாகவும் ஒத்துக்கொண்டார். 1950 மே மாதம் லண்டன் ஆல்பர்ட் ஹாலில் ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் கடைசி நான்கு பாடல்களை ஃப்ளாக்ஸ்டாட் முதன்முதலாகப் பாட, ஃபுர்ட்வாங்லர் நடத்தினாரே, அந்த மாலைக்கும் பொறுப்பேற்றவர் இவரே. அரங்கில் அவர் இல்லை. கச்சேரியைத் தட்டில் பிடித்து மைசூருக்கு அனுப்பி வைத்தார்கள். இதெல்லாம் நடந்த ஆண்டுகள் எவை? 1946இல் மழை பொய்த்து மைசூர், மதராஸ் இரண்டிலும் உணவுத் தட்டுப்பாடு. அரிசி ரேஷனில். 1947 செப்டம்பரில் பொறுப்பாட்சி கேட்டு மைசூர் வீதிகளில் மக்கள். சமஸ்தானத்தின் வருவாயில் கோலார் தங்கவயலின் ராயல்டியும் ஒரு பங்கு. அந்தச் சுரங்கத்தில் இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே, கொதிக்கும் பாறைக்கு நடுவில் உளியும் வெடியுமாக நின்றவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் பக்கத்து மாவட்டங்களிலிருந்தும் போன தமிழர்கள், அவர்களில் மிகுதியும் தலித்துகள். பாறைச் சரிவில் செத்தவர்கள் போக மிச்சம் பேரின் நுரையீரலில் கல்தூசி. எந்த ரூபாய் எந்தத் தட்டுக்குப் போனது என்று யாராலும் சொல்ல முடியாது, நானும் சொல்ல வரவில்லை. அரசுக் கணக்கில் பணம் தண்ணீரைப் போல, ஊற்றிய இடம் தெரியாது. இன்னொன்றும் உண்டு. அந்த நாளைய 78 சுற்றுத் தட்டின் உடம்பே ஷெல்லாக், அதன் பிறப்பிடம் அரக்குப்பூச்சி. உலகத்துக்கு அதைப் பெருமளவில் கொடுத்தது சோட்டா நாக்பூர்க் காடுகளும் அங்கே அரக்கு சுரண்டிய ஆதிவாசிகளும். ருஷ்ய இசை என்று நான் சொல்லிக்கொள்ளும் பொருளை இப்படிப் பிரித்து மேசையில் வைத்தால், மாஸ்கோவுக்கு மிஞ்சுவது எவ்வளவு?

உடனே ஒரு பதில் தயாராக வரும், வேறு ராஜாக்கள் அந்தப் பணத்தைக் குதிரைக்கும் வைரத்துக்கும் ரோல்ஸ் ராய்ஸுக்கும் விட்டார்கள், இவர் இசைக்காவது கொடுத்தாரே என்று. அது பதில் அல்ல. பசியின் பக்கத்தில் வைத்தால் குதிரையும் கான்செர்ட்டோவும் ஒரே வரிசைதான். அதற்காக, அந்தப் பதிவு நடக்காமலே இருந்திருக்கலாம் என்று என்னால் சொல்ல முடிகிறதா? முடியவில்லை. மெட்னரின் விரலிலிருந்து நேராக நமக்கு வந்ததில் பெரும்பங்கு அந்தப் பதிவுகள்தான். அவை இல்லையென்றால் மிஞ்சுவது பெரும்பாலும் நம் ஊகம். வேண்டாம் என்று சொல்ல வாய் வராத ஒன்றின் பில்லைப் பார்த்துக்கொண்டே கேட்பதுதான் என் நிலைமை. சுதந்திர இந்தியாவில் சமஸ்தானம் கரைந்தது, அரண்மனைக் கஜானாவின் தாராளம் சுருங்கியது, பதிவுத் திட்டமும் நின்றது. 1951 நவம்பரில் மெட்னர் லண்டனில் இறந்தார். உடையாருக்கு இந்திய அரசு ஆண்டுக்கு 26 லட்சம் ரூபாய் மானியம் தந்தது, பிறகு ஆளுநர் பதவி. 1964 மேயில் அவர் சென்னைக்கு, கிண்டி ராஜ்பவனுக்கு வந்தார். மெட்னரின் கான்செர்ட்டோவைச் சமர்ப்பணமாகப் பெற்றவர் நம் ஆளுநராக வந்த அந்த ஆண்டுகளை ஒட்டித்தான் 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் மாநிலம் பற்றி எரிந்தது. மொழி யாருடையது என்று தெருவில் உயிரைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்த காலம் அது. இசை யாருடையது என்று அவரிடம் கேட்க யாருக்கும் தோன்றியிருக்காது, தோன்றாததும் நியாயமே.

ருஷ்யா மெட்னரைத் திரும்ப எடுத்துக்கொண்டது ஆன்னாவின் வழியாக. 1958இல் அவர் மாஸ்கோ திரும்பினார். அடுத்த ஆண்டிலிருந்து 1963 வரை சோவியத் அரசு மெட்னரின் படைப்புகளை முழுத் தொகுப்பாக வெளியிட்டது. உயிரோடு இருந்தபோது வேண்டாதவர், காகிதமாகத் திரும்பியபோது சொந்தக்காரர் ஆனார். எமில் கிலெல்ஸ் ரெமினிசென்ஸாவை மேடைக்குக் கொண்டுவந்தார், நெஞ்சை அறுக்கிற மாதிரி வாசித்தார். இன்று அந்தச் சொனாட்டாவை எடுக்கிற ஒவ்வொருவரின் காதிலும் கிலெல்ஸ் இருக்கிறார், மெட்னர் எப்போதும் சற்றே தாழ்ந்த குரலில், திரும்பிப் பார்த்தபடி, வீடிழந்தவராக ஒலிக்கிறார். நானும் அப்படித்தான் வாசிக்கக் கற்றேன். ஆனால் மைசூர்ப் பணம் பிடித்து வைத்த மெட்னர் வேறு ஆள். தன் கதைகளை அவர் வாசிக்கிற பதிவுகளைக் கேட்டுப் பாருங்கள். மிதிகட்டை கொஞ்சம்தான். தாளம் துள்ளுகிறது. கனிந்து நிற்கலாம் என்று நாம் நினைக்கிற இடங்களில் அவர் நிற்பதில்லை, அடுத்த குரலுக்கு வழிவிட்டு நடக்கிறார். மெட்டு எங்கே என்று சுட்டிக் காட்டுவதில்லை, இடது கையின் முணுமுணுப்பைக்கூட அதே மரியாதையோடு வாசிக்கிறார். சில இடங்களில் வயதின் அவசரம் தெரிகிறது, ஒன்றிரண்டு ஸ்வரம் தவறுகிறது, அவர் அதைக் கண்டுகொள்வதாகத் தெரியவில்லை. இந்த ஆள் யாரையும் எதையும் நினைத்து அழவில்லை. அவருக்கு வேலை இருக்கிறது, தட்டின் ஒரு பக்கத்துக்கு நான்கரை நிமிடத்துக்குள் அது முடிந்தாக வேண்டும். நாடோடியின் துயரம், ருஷ்ய ஆன்மா என்று உறையில் அச்சிடுகிற சொற்களில் ஒன்றுகூட இந்த வாசிப்பில் ஒட்டவில்லை. அழகாகச் சோகப்படும் மெட்னர் வேண்டும் என்பவர்களுக்கு நல்ல பியானிஸ்டுகள் நிறையவே இருக்கிறார்கள். அவர்களில் சிலரை நானும் விரும்பிக் கேட்கிறேன். ஆனால் சந்தேகம் வரும்போது நான் போகிற இடம் இந்தத் தட்டுதான், அதன் பில்லோடு சேர்த்தே.